கருத்தும் கடமையும்

இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பது பொறியியல் வல்லுநர்கள் தீர்மானிக்க வேண்டிய விஷயம். அறத்திற்கோ ஆன்ம விசாரத்திற்கோ அதில் இடம் இருப்பதாக முதல் பார்வையில் தோன்றாது. ஆனால் தலைநகர் தில்லியில் மெட்ரோ ரயில் உருவான வரலாற்றில், இந்தச் சிறிய தொழில்நுட்பக் கேள்விக்குள் ஒரு பெரிய அறக்கேள்வி மறைந்திருந்தது. அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ பள்ளியிலோ பணிபுரியும் ஒவ்வொருவரும் என்றேனும் ஒருநாள் சந்தித்தே தீர வேண்டிய கேள்வி அது: நன்கு சிந்தித்து, நேர்மையாக எடுத்துரைத்த தன் கருத்து ஏற்கப்படாமல் போனால், அதன்பின் ஒருவர் எப்படிப் பணிபுரிய வேண்டும்?

பணியிடங்களில் மாற்றம் என்பது இன்று அன்றாடச் செய்தி. புதிய இயந்திரம் வருகிறது, புதிய விதி வருகிறது, புதிய தலைவர் வருகிறார். மாற்றத்திற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வது எப்படி, பிறரை மாற்றத்தின் வழியே அழைத்துச் செல்வது எப்படி என்று கற்பிக்கும் பயிற்சி வகுப்புகளுக்கும் குறைவில்லை. ஆனால் இவ்விரண்டும் தனித்தனித் திறமைகள் அல்ல. இரண்டுக்கும் வேர் ஒன்றே. அந்த வேர் எது என்பதைத் தில்லி மெட்ரோவின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

தண்டவாளத்தின் அகலம்

மத்திய அரசும் தில்லி அரசும் சம பங்குதாரர்களாக அமைந்த தில்லி மெட்ரோ ரயில் கழகம் 1995ஆம் ஆண்டு மே மாதம் பதிவு செய்யப்பட்டது. 1997ஆம் ஆண்டு நவம்பரில் திரு. இ. ஸ்ரீதரன் அதன் நிர்வாக இயக்குநராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 65. மற்றவர்கள் ஓய்வை நாடும் வயது அது. கொங்கண் மலைகளைக் குடைந்தும் ஆறுகளைக் கடந்தும் ஏறத்தாழ 740 கிலோமீட்டர் நீளப் பாதையை அமைத்த பெரும் பணியின் இறுதிக் கட்டத்திலிருந்து அவர் தில்லிக்கு வந்தார்.

தில்லி மெட்ரோ குறித்து அன்று நம்பிக்கை கொண்டவர்கள் சிலரே. கல்கத்தாவில் 1972ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்ட மெட்ரோவின் முதற்பகுதி 1984ஆம் ஆண்டில்தான் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை முழுமை பெற 1995ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. தில்லியிலும் அவ்வாறே தெருக்கள் தோண்டப்பட்டுப் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும் என்றுதான் பலரும் எண்ணினர்.

பணி 1998ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தொடங்கியது. அந்தத் தொடக்க காலத்தில்தான் பாதையின் அகலம் பற்றிய கருத்து வேறுபாடு எழுந்தது. உலகின் பெரும்பாலான மெட்ரோக்கள் 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்டாண்டர்டு கேஜ் பாதையில் ஓடுகின்றன. அதற்குரிய பெட்டிகளும் தொழில்நுட்பமும் எளிதில் கிடைக்கும். நெருக்கமான நகருக்குள் வளைந்து செல்லவும் அது உகந்தது. எனவே அதுவே வேண்டும் என்பது ஸ்ரீதரனின் கருத்து. ரயில்வே துறையின் கருத்து வேறு. நாடெங்கும் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையே சீரான பாதையாக அமைய வேண்டும் என்னும் கொள்கை நடைமுறையில் இருக்கும்போது, தலைநகரில் இன்னோர் அகலத்தை நுழைப்பது எதற்காக என்று அத்துறை கேட்டது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. 2000ஆம் ஆண்டில் முடிவு அகலப் பாதைக்குச் சாதகமாக அமைந்தது.

ஸ்ரீதரன் தம் கருத்தை மறைக்கவில்லை. முடிவு தவறானது என்றே கருதினார். அதை வெளிப்படையாகவும் கூறினார். ஆயினும் அதன்பின் நடந்ததே கவனிக்கத்தக்கது. தாம் ஏற்காத அந்த அகலத்திலேயே அவர் மெட்ரோவைக் கட்டினார். 2002ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் ஷாதராவிலிருந்து தீஸ் ஹஸாரி வரை ஆறு நிலையங்கள் கொண்ட முதற்பகுதியை அன்றைய பிரதமர் வாஜ்பாய் தொடங்கி வைத்தார். மறுநாள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு கூட்டம் திரண்டது. வேடிக்கைப் பயணத்தைச் சில நாட்கள் ஒத்திப்போடுமாறு பத்திரிகைகளில் அறிவிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமுள்ள முதற்கட்டப் பணிக்குப் பத்து ஆண்டுகள் பிடிக்கும் என்று கணக்கிடப்பட்டிருந்தது. அது 2005ஆம் ஆண்டு இறுதிக்குள், ஏழேகால் ஆண்டுகளில் நிறைவேறியது.

வாதத்தில் தோற்ற ஒருவர் செய்த வேலை இது. இதில்தான் படிப்பினை இருக்கிறது.

அரைமனம் என்னும் நோய்

தன் கருத்து ஏற்கப்படாதபோது மனிதன் பொதுவாக மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறான். பதவியை விட்டு விலகுவது ஒரு வழி. விலகாமல் நேருக்கு நேர் எதிர்த்து நிற்பது இன்னொரு வழி. இவ்விரண்டிலும் குறைகள் இருக்கலாம். ஆனால் ஒளிவுமறைவு இல்லை. மூன்றாவது வழியே மிகவும் பழக்கமானது, மிகவும் ஆபத்தானதும்கூட. வெளியே தலையசைத்துவிட்டு, உள்ளே கையை விரித்துவிடுவது அது.

இவ்வழியில் செல்பவர் வேலைக்கு வருகிறார், கையெழுத்திடுகிறார், கோப்புகளை நகர்த்துகிறார். ஆனால் அவரது உள்ளம் அங்கே இல்லை. ‘அவர்கள் சொன்னபடி செய்கிறேன், கெட்டுப்போனால் பொறுப்பு அவர்களுடையது’ என்பது அவரது மௌன மந்திரம். காலப்போக்கில் இது இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறது. அந்தத் திட்டம் தோற்க வேண்டும் என்று அவரது மனத்தின் ஒரு மூலை விரும்பத் தொடங்குகிறது. திட்டம் தோற்றால்தானே அவர் கருத்து வென்றதாகும்? தன் அலுவலகத்தின் நஷ்டத்தில், தன் மாணவர்களின் நஷ்டத்தில், தன் நோயாளிகளின் நஷ்டத்தில் தன் வெற்றியைக் காணும் நிலைக்கு ஒரு நல்ல மனிதர் வந்து சேர்கிறார். அவர் அதை அறிவதில்லை. தாம் நேர்மையானவர், தம்மைப் பிறர் புரிந்துகொள்ளவில்லை என்றே கடைசிவரை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

நம் நாட்டு நியாய சாஸ்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறிவதற்காக நடப்பது வாதம். வெல்வதற்காக நடப்பது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கையும் இல்லாமல் எதிராளி சொல்வதை உடைப்பதற்காக மட்டுமே நடப்பது விதண்டை. ‘விதண்டாவாதம்’ என்று தமிழில் வழங்கும் சொல் இங்கிருந்து வந்ததே. விதண்டைக்கு வாய் வேண்டும் என்பதில்லை. பேசாமலேயே விதண்டை செய்ய முடியும். ஏற்றுக்கொண்ட வேலையில் அரைமனத்தோடு ஈடுபட்டு, அது வீழ்வதற்காகக் காத்திருப்பவர் மௌன விதண்டாவாதி. அவரிடம் மாற்று யோசனை எதுவும் மீதம் இல்லை. பிறர் யோசனை பொய்த்துப்போக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே மீதம் இருக்கிறது.

இதற்கு மாறானது எது? விவாதத்தின்போது முழு மனத்தோடு வாதிடுவது; முடிவு வந்தபின் முழு மனத்தோடு உழைப்பது. இவ்விரண்டில் முதலாவது மட்டும் இருந்தால் அது பிடிவாதம். இரண்டாவது மட்டும் இருந்தால் அது அடிமைத்தனம். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருக்கும்போதுதான் அதைக் கடமையுணர்வு என்று சொல்ல முடியும்.

அப்படி உழைப்பவர் தம் கருத்தை அழித்துவிட வேண்டும் என்பதில்லை. தில்லியில் இரண்டாம் கட்டப் பணி வந்தபோது அதே கேள்வி மீண்டும் எழுந்தது. இம்முறை தனித்து இயங்கும் புதிய தடங்களுக்கு ஸ்டாண்டர்டு கேஜ் ஏற்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் இந்தர்லோக் - முண்ட்கா பாதை அந்த அகலத்தில் திறக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோவும் அதே அகலத்தைக் கொண்டதே. முதற்கட்டத்தை அவர் அரைமனத்தோடு செய்து அது தாமதமாகியிருந்தால், அவர் கருத்தைக் கேட்க இரண்டாம் கட்டம் என்று ஒன்று வந்திருக்குமா என்பதே சந்தேகம். தோற்றுப்போன கருத்துக்கு மீண்டும் செவிசாய்க்கும்படி செய்தது வாதத் திறமை அன்று. தோற்றபின் செய்த வேலை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தில்லியின் அகலப் பாதைகளில் ஓடும் பெட்டிகள் 3.2 மீட்டர் அகலமுள்ளவை. பின்னர் வந்த ஸ்டாண்டர்டு கேஜ் தடங்களில் சிலவற்றின் பெட்டிகள் 2.9 மீட்டர் அகலமே கொண்டவை. மக்கள் நெரிசல் மிகுந்த பழைய தடங்களில் அந்த அகலம் இன்று பயனளித்துக்கொண்டுதான் இருக்கிறது. யார் சொன்னது முழுவதும் சரி? தராசு இன்னும் ஆடிக்கொண்டிருக்கலாம். நம் கருத்து எவ்வளவு தெளிவானதாகத் தோன்றினாலும், பிறர் கருத்தில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு நன்மை ஒளிந்திருக்கக்கூடும். முழு மனத்தோடு உழைப்பவருக்கே அந்த நன்மையைக் காணும் வாய்ப்பு கிடைக்கிறது. அரைமனத்தோடு நிற்பவர் அது வெளிப்படாமல் இருப்பதற்கே துணைபோகிறார்.

மாற்றம் எங்கிருந்து தொடங்குகிறது?

இத்தகைய ஒருவரே பிறரை மாற்றத்தின் வழியே நடத்திச் செல்லும் தகுதி பெறுகிறார். இது தற்செயல் அன்று. தன் விருப்பத்திற்கு மாறான ஒன்றை ஏற்று அதில் உயிரைக் கொடுத்து உழைத்தவருக்குத்தான், பிறரைப் பார்த்து ‘உங்கள் பழக்கத்தை விடுங்கள்’ என்று சொல்லும் உரிமை உண்டு.

தில்லி மெட்ரோவுக்கு வந்தவர்களில் பலர் அரசுத் துறைகளில், குறிப்பாக ரயில்வேயில், நெடுங்காலம் பணிபுரிந்தவர்கள். அவர்கள் அறியாதது தொழில் அன்று. வேறுவிதமாகத் தொழில் செய்யும் பழக்கமே புதிது. அந்தப் பழக்கம் பெரிய பிரகடனங்களால் வரவில்லை. அலுவலகங்களிலும் பணித்தளங்களிலும், இலக்கு நாளுக்கு இன்னும் எத்தனை நாட்கள் இருக்கின்றன என்று இறங்குமுகமாகக் காட்டும் கடிகாரப் பலகைகள் வைக்கப்பட்டன. மண் ஏற்றிச் செல்லும் லாரிகளின் சக்கரங்கள், சேறு சாலையில் படியாதபடி, பணித்தளத்தை விட்டு வெளியேறும் முன் கழுவப்பட்டன. ஒரு மரம் வெட்டப்பட்டால் பத்து மரங்கள் நடப்பட வேண்டும் என்னும் ஏற்பாடு பின்பற்றப்பட்டது. நெரிசலான பழைய தில்லியின் அடியில், சாவ்ரி பஜார் போன்ற இடங்களில், மேலே கடைவீதி வழக்கம்போல் இயங்க, கீழே ஆழத்தில் இயந்திரங்கள் சுரங்கம் குடைந்தன.

இவற்றுள் லாரிச் சக்கரத்தைக் கழுவுவது பொறியியல் சாதனை எதுவும் அன்று. ஒரு வாளித் தண்ணீரும் ஓர் ஆளும் போதும். ஆனால் தெருவில் நடந்து செல்லும் முகம் தெரியாத மனிதருக்குத் தன் வேலையால் துன்பம் நேரக் கூடாது என்ற எண்ணம் அதில் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு லாரிக்கும், மேற்பார்வையாளர் இல்லாத வேளையிலும் அதைச் செய்யும்போது, சக்கரத்தோடு செய்பவரின் மனமும் கழுவப்படுகிறது. மாற்றம் என்பது அத்தகைய சிறிய, சலிப்பூட்டும், கைதட்டல் கிடைக்காத செயல்களில்தான் நிலைபெறுகிறது.

கழகத்தின் அதிகாரிகளுக்கு ஸ்ரீதரன் பகவத் கீதையை வழங்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அதைச் சமய நூல் என்பதைவிட நிர்வாகத்திற்கும் வாழ்க்கைக்கும் வழிகாட்டும் நூலாகவே தாம் காண்பதாக அவர் கூறியதுண்டு. ஒரு நூலைக் கொடுத்துவிட்டால் அலுவலகம் மாறிவிடாது. ஆனால் அந்த நூலின் மையக் கேள்வியே இங்கும் கேள்வி. கடினமான கடமை எதிர்ப்படும்போது விலகிப் போவதற்கு உயர்ந்த காரணங்களைக் கண்டுபிடிக்கும் திறமை மனத்திற்கு உண்டு. அந்தக் காரணங்கள் உண்மையிலேயே உயர்ந்தவையா, அல்லது சோர்வுக்கும் அபிமானத்திற்கும் போர்த்திய பட்டுத் துணியா என்று ஆராய்வதே விவேகம்.

கற்றுக்கொள்ளும் பணிவும் இதன் ஒரு பகுதியே. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த பெரும் புயல் பாம்பன் பாலத்தையும் சிதைத்தது. பாலத்தைச் சீரமைக்க ஆறு மாத காலம் குறிக்கப்பட்டது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். களத்தில் பொறுப்பேற்ற ஸ்ரீதரனுக்கு அப்போது வயது 32. கடலில் விழுந்த கர்டர்கள் மீட்கத்தக்க நிலையில் கிடக்கும் செய்தியைக் கொண்டு வந்தவர் ஒரு மீனவர் என்று சொல்லப்படுகிறது. போட்ட திட்டத்தை ஒதுக்கிவிட்டு, அந்தக் கர்டர்களைக் கடலிலிருந்து தூக்கி எடுத்துப் பொருத்தும் வழியைக் கைக்கொண்டதால், வேலை 46 நாட்களில் முடிந்தது. பொறியாளரின் வரைபடத்தைவிட மீனவரின் சொல்லில் உண்மை இருக்கும்போது வரைபடத்தை மடித்து வைக்கும் மனம் வேண்டும். முப்பத்திரண்டு வயதில் மீனவரின் சொல்லுக்காகத் தன் திட்டத்தை விடக் கற்றவருக்கு, அறுபத்தெட்டு வயதில் அரசின் முடிவுக்காகத் தன் கருத்தை விடுவதும் இயல்பாயிற்று எனலாம்.

ஓர் ஆட்சேபம்

எதிர்த் தரப்பை முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே தன் தரப்பைச் சொல்வது நம் ஆசாரியர்களின் வழக்கம். பூர்வபட்சம் என்று அதைக் கூறுவர். இங்கும் ஒரு பூர்வபட்சம் உண்டு. அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது.

‘மேலிடத்தின் முடிவுக்கு இணங்கி முழு மனத்தோடு உழைப்பதே கடமை என்றால், தவறான ஆணைக்கும் அவ்வாறே உழைக்க வேண்டியதுதானா? பொய்க் கணக்கு எழுதச் சொன்னால்? பாதுகாப்பற்ற கட்டடத்திற்குச் சான்றிதழ் தரச் சொன்னால்? உலகில் நடந்த பெருந்தீமைகள் பல, ஆணையை முழு மனத்தோடு நிறைவேற்றியவர்களால்தானே நடந்தன?’

இந்த ஆட்சேபம் நியாயமானது. விடை, விடக்கூடியது எது, விடக்கூடாதது எது என்ற பாகுபாட்டில் இருக்கிறது. பாதையின் அகலம் விடக்கூடியது. இரண்டு அகலங்களிலும் மக்கள் பத்திரமாகப் பயணம் செய்ய முடியும்; ஒன்றில் வசதி கூடலாம், இன்னொன்றில் செலவு கூடலாம். இத்தகைய விஷயங்களில் ‘என் கருத்து’ என்பதில் பாதி அறிவும் பாதி அபிமானமும் கலந்திருக்கும். ஆனால் உயிருக்கு ஆபத்து, உண்மைக்குத் துரோகம், எளியவருக்கு அநீதி என்று வரும்போது அது கருத்து வேறுபாடு அன்று, தர்மத்தின் வேறுபாடு. அங்கே இணங்குவது பணிவாகாது.

தன் மறுப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிய ஒருவர் தம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். இந்த முடிவால் இழப்பு யாருக்கு? பிறருக்கா, என் மதிப்புக்கா? நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய இடத்தில் முழுமையாகச் சொன்னேனா, அல்லது காரசாரமாகப் பேசியது தேநீர்க் கடையில் மட்டும்தானா? என் யோசனையை வேறொருவர் தம் பெயரில் முன்வைத்து அது ஏற்கப்பட்டால் எனக்கு மகிழ்ச்சி உண்டாகுமா? இந்த மூன்றாவது கேள்விக்கு உள்ளம் தயங்கினால், காக்க நினைப்பது கருத்தை அல்ல, ‘என்’ என்ற சொல்லையே என்பது விளங்கிவிடும்.

ஜம்ருத்பூரில் நடந்தது

பிறர் எடுத்த முடிவைத் தன் கடமையாக ஏற்பது ஒரு பாதி. அதற்கு மறுபாதி ஒன்று உண்டு. அது இன்னும் கடினமானது. பிறர் கையால் நேர்ந்த பிழையைத் தன் பொறுப்பாக ஏற்பது அது.

2009ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் அதிகாலையில், தெற்கு தில்லியின் ஜம்ருத்பூரில், மத்தியச் செயலகம் - பதர்பூர் தடத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த மேம்பாலத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. ஆறு பேர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். மறுநாள் இடிபாடுகளை அகற்ற வந்த கிரேன்களும் சாய்ந்து மேலும் சிலர் காயமடைந்தனர். இறந்தவர்கள் பயணிகள் அல்லர். அந்தத் தடத்தைத் தம் உழைப்பால் எழுப்பிக்கொண்டிருந்தவர்கள்.

விபத்து நடந்த அன்றே ஸ்ரீதரன் தார்மிகப் பொறுப்பேற்றுத் தம் பதவி விலகலை அறிவித்தார். இறந்தவர்கள் தமிழகத்தோடு தொடர்பற்றவர்களாக இருக்கலாம். ஆனால் இத்தகைய பதவி விலகல் தமிழக மண்ணுக்குப் புதிதன்று. 1956ஆம் ஆண்டு நவம்பரில் அரியலூர் அருகே ரயில் ஆற்றில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவரது விலகல் ஏற்கப்பட்டது. தில்லியில் முதலமைச்சர் ஷீலா தீட்சித் ஸ்ரீதரனின் விலகலை ஏற்கவில்லை. அவர் பணியில் தொடர்ந்தார்.

இவ்விரண்டில் எது கடினம்? விலகுபவருக்குப் பதவி போகிறது. ஆனால் மக்கள் மனத்தில் மதிப்பு உயர்கிறது. தொடர்பவருக்கோ பதவி இருக்கிறது. அதே சமயம் ஒவ்வொரு நாள் காலையும் அந்தத் தூணைக் கடந்தே வேலைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. ‘விலகுகிறேன்’ என்ற சொல் உள்ளத்திலிருந்து வந்திருந்தால், தொடரச் சொன்னபோது தொடர்வதும் அதே உள்ளத்திலிருந்து வர முடியும். அது வெறும் சடங்காக இருந்திருந்தால், தொடர்வது ஒரு நிம்மதியாகவே முடிந்திருக்கும். அந்தத் தடம் 2010ஆம் ஆண்டு அக்டோபரில் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது.

ஆயினும் இந்நிகழ்ச்சியை ஒரு தலைவரின் பெருந்தன்மைக் கதையாக மட்டும் படித்துவிடக் கூடாது. ஆறு குடும்பங்களுக்கு அன்று வீடு திரும்பாதவர்கள் திரும்பவே இல்லை. எந்தப் பதவி விலகலும் அவர்களை மீட்டுத் தரவில்லை. பெரும் மாற்றங்களின் விலையை முடிவெடுக்கும் மேசையில் அமர்ந்திருப்பவர்கள் செலுத்துவதில்லை. பெரும்பாலும் அடித்தளத்தில் நிற்பவர்களே செலுத்துகிறார்கள். இறங்குமுகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள், சாரத்தின் மேல் நிற்கும் மனிதரையும் பார்த்தாக வேண்டும். விரைவு ஒரு நற்குணம்தான்; ஆனால் அது தனித்து நிற்கும் நற்குணம் அன்று. மாற்றத்தை வழிநடத்துபவர் மறக்கக் கூடாத பாடம் இது. பொறுப்பேற்பது என்பதன் முழுப்பொருள், நேர்ந்தபின் தலைகுனிவது மட்டுமன்று; நேருமுன் கண்திறந்திருப்பதும் ஆகும்.

கைப்பிடியை விடுதல்

மாற்றத்தைக் கொண்டுவந்தவர் கடைசியாகக் கடக்க வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. தாம் கட்டியதைப் பிறர் கையில் ஒப்படைப்பதே அது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் ஸ்ரீதரன் தில்லி மெட்ரோவிலிருந்து விடைபெற்றார். அக்கழகத்திலேயே அவருடன் பணியாற்றிய திரு. மங்கூ சிங் பொறுப்பேற்றார். அதன்பின்னும் தடங்கள் நீண்டன. தம்மைச் சார்ந்து மட்டுமே ஓடும் அலுவலகத்தை உருவாக்கியவர் தம் பெயரை வளர்த்தவர். தாம் சென்றபின்னும் ஓடும் அலுவலகத்தை உருவாக்கியவரே பணியை வளர்த்தவர்.

மாற்றமும் அங்கே நிற்கவில்லை. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் தில்லியின் மெஜந்தா தடத்தில் ஓட்டுநர் இல்லாமல் இயங்கும் ரயில் தொடங்கி வைக்கப்பட்டது. மறு ஆண்டு நவம்பரில் இன்னொரு தடத்திலும் அம்முறை வந்தது. பழைய ரயில்வேப் பழக்கத்தை விட்டுப் புதிய மெட்ரோவைக் கற்றுக்கொண்ட அதே நிறுவனத்தில், இப்போது மெட்ரோவை ஓட்டக் கற்றுக்கொண்ட கைகள் கைப்பிடியை விட வேண்டிய வேளை வந்தது. இது வேடிக்கையான விஷயம் அன்று. ஒரு கைத்தொழிலைத் தன் அடையாளமாகக் கொண்டு வாழ்ந்த மனிதருக்கு, அத்தொழில் தேவையற்றுப் போகும் நாள் ஒரு சிறிய மரணம் போன்றது. அவருக்கு வேறு பணியும் பயிற்சியும் மதிப்பும் தருவது நிர்வாகத்தின் கடமை. அதைச் செய்யாமல் ‘மாற்றத்தை ஏற்றுக்கொள்’ என்று உபதேசிப்பது, பசித்தவனுக்கு விரதத்தின் மகிமையைச் சொல்வது போலாகும்.

அந்தக் கடமை நிறைவேற்றப்பட்ட பின்னும் உள்ளே செய்ய வேண்டிய வேலை ஒன்று எஞ்சுகிறது. அதை எந்த நிர்வாகமும் ஒருவருக்காகச் செய்துவிட முடியாது. ‘நான் ஓட்டுபவன்’ என்பது ஒருவரது பணியின் கருவியைக் கொண்டு அவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். ‘மனிதர்களைப் பத்திரமாக வீடு சேர்ப்பவன்’ என்பது பணியின் நோக்கத்தைக் கொண்டு இட்ட பெயர். கருவி மாறும், நோக்கம் மாறாது. முதற்பெயரைப் பிடித்துக்கொண்டிருப்பவர் ஒவ்வொரு மாற்றத்திலும் அழிகிறார். இரண்டாவது பெயரில் நிற்பவர் ஒவ்வொரு மாற்றத்திலும் வேறொரு கருவியை எடுத்துக்கொள்கிறார். மாறுவதற்கு நடுவே மாறாததைக் கண்டுகொள்வதே விவேகம் என்று வேதாந்தம் சொல்வது காட்டுக்குப் போனவர்களுக்கு மட்டும் உரிய போதனை அன்று. காலை ஒன்பதரை மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுபவருக்கும் உரியது.

மாற்றத்திற்கு இசைவதற்கும் மாற்றத்தை நடத்துவதற்கும் வேர் ஒன்றே என்று தொடக்கத்தில் கூறியது இதைத்தான். ‘என் கருத்து’ ‘என் பழக்கம்’ ‘என் பதவி’ என்பனவற்றைப் பணியின் நோக்கத்திற்குக் கீழே வைக்கும் மனமே அந்த வேர். கீழே இருப்பவர் அதைச் செய்யும்போது இசைவு என்கிறோம். மேலே இருப்பவர் அதைச் செய்யும்போது தலைமை என்கிறோம். செயல் ஒன்றே.

நாளைக் காலையில் ஏதோ ஓர் அலுவலகத்தில், ஏதோ ஒரு மேசைக்கு, உடன்பாடில்லாத ஒரு சுற்றறிக்கை வந்து சேரும். அதைப் படிப்பவர் தம் மறுப்பைத் தெளிவாக எழுதி உரிய இடத்திற்கு அனுப்பட்டும். அறத்திற்கு மாறானது என்றால் உறுதியாக மறுக்கட்டும். அவ்வாறில்லை என்றால், மறுப்பு ஏற்கப்படாதபோதும், அந்த வேலையைத் தம் சொந்த யோசனைபோல் எண்ணிச் செய்து பார்க்கட்டும். ஒரு வார காலம் போதும். மாறியது சுற்றறிக்கையா, தாமா என்பதை அவரே அறிந்துகொள்வார்.